வெளிப்பூச்சும் உட்பொருளும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் என்னை அழைத்தபோது ஒரு நூலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் இன்று ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் போகின்றேன். மேசைக் கணினியின் இயங்கும் பாகங்களைத் தன்னுள்ளே அடக்கி, மேசைக்கு மேலோ கீழோ பேசாமல் நிற்கின்றதே ஓர் இரும்புப் பெட்டி, அதைப் பற்றி. இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல எனது சொந்தத் தவறொன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கின்றது.

தமிழாசிரியனாகிய நான் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி எழுதும் ஒரு தொடர் உண்டு. "வெளிப்பூச்சு அதிகம்; உட்பொருள் இல்லை" என்பதே அது. சிவப்பு மையில் எத்தனை கொப்பிகளில் இதை எழுதியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. உருவமா, உள்ளடக்கமா என்று நமது விமர்சகர்கள் பல்லாண்டுகளாக வாதாடிய விடயத்தை நான் ஒரே வரியில் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லலாம். பூச்சு என்றால் பொய், உள்ளிருப்பதே மெய் என்பது எனது எண்ணம்.

சில மாதங்களுக்கு முன்னர் எனது பழைய மாணவர் ஒருவர் தமது வீட்டுக்கு அழைத்தார். இன்று அவர் கணினி திருத்தும் தொழில் செய்பவர். "சேர், நான் ஒரு பெட்டிக்குப் பெயின்ற் அடிச்சிருக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து பார்க்கவேணும்" என்றார். போனேன். மேசையின் மேல் ஒரு கணினிப் பெட்டி நின்றது. கீழ்ப்பாதி நீலமும் பச்சையும் கலந்த, சற்று வெளிறிய ஒரு நிறம். மேற்பாதி பாலாடையின் நிறம். இரண்டும் சேருமிடத்தில் பக்கவாட்டில் நீளமாக ஓர் ஒடுங்கிய அலுமினியப் பட்டி. பார்த்தவுடன் எனது மனத்தில் தோன்றியது அந்தப் பழைய சொல்தான்: வெளிப்பூச்சு. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் எனது முகத்தை வாசித்துவிட்டார். "சேர், நீங்கள் என்ரை கொப்பியிலை ஒருக்கா எழுதினியள், ஞாபகமே?" என்று சிரித்தார்.

நேயர்களே, அந்தப் பெட்டியின் கதைக்குள் போவதற்கு முன்னர், கணினிப் பெட்டிக்கு வர்ணம் பூசுதல் ஏன் ஒரு புதுமையாகத் தெரிகின்றது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1977 ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தின் இரண்டாவது கணினி வெளிவந்தது. அதன் பிளாஸ்ரிக் உறையை வடிவமைத்தவர் ஜெரி மனொக் என்பவர். நிறம் வெளிறிய மணல் நிறம். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதுவும் ஏறக்குறைய அதே வெளிறல்தான். ஐ.பி.எம். கணினியைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் செய்த கணினிகள் உலகை நிரப்பியபோது அந்த நிறமும் கூடவே பரவியது. அலுவலகச் சுவரோடும், அலுமாரியோடும், கோப்புகளோடும் ஒட்டிப்போகும் நிறம் அது. யாருடைய கண்ணையும் உறுத்தாது. யாருடைய மனத்திலும் நிற்காது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த எனது தலைமுறையினர் பிற்காலத்தில் முதன்முதலாகக் கண்ட கணினியும் அந்த நிறத்தில்தான் இருந்தது. அது கணினியின் இயற்கை நிறம் என்றே நாம் நம்பியிருந்தோம்.

இந்த மணல் நிறத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அந்தப் பிளாஸ்ரிக், வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களும் வெப்பமும் பட்டுக் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். இரும்புத் தகட்டின் பூச்சு அவ்வாறு மஞ்சளாவதில்லை. எனவே பழைய பெட்டிகளைப் பார்த்தால் முன்முகம் மட்டும் மஞ்சள் பிடித்து, உடம்பு பழைய நிறத்திலேயே இருக்கும். மறைந்து நிற்கவென்று தெரிந்தெடுத்த நிறமும் முதுமையை மறைக்க முடியாமல் போகின்றது.

இந்த நிலையை உடைத்த கணினி 1998 இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டு ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த அப்பிளின் ஐமக் கணினியே அது. ஜொனதன் ஐவ் என்பவரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அதன் உறை, உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் நீலப்பச்சைப் பிளாஸ்ரிக்கால் ஆனது. அந்த நிறத்துக்கு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள பொண்டாய் கடற்கரையின் பெயரை வைத்தார்கள். ஏறக்குறைய 17 கிலோ எடையுள்ள அந்தக் கணினியின் மேற்புறத்தில் ஒரு கைபிடியும் இருந்தது. 1999 ஜனவரியில் அதுவே ஐந்து நிறங்களில் வந்தது. கணினிக்கும் நிறம் உண்டு என்பதைச் சந்தை அப்போதுதான் ஒப்புக்கொண்டது எனலாம்.

ஏறக்குறைய அதே காலத்தில், தொழிற்சாலை கொடுத்த பெட்டியோடு திருப்தியடையாத இளைஞர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தமது பெட்டிகளைத் தாமே அறுத்தும் துளைத்தும் வர்ணம் பூசியும் மாற்றத் தொடங்கினார்கள். பக்கத் தகட்டில் சதுரமாக வெட்டிக் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்கைப் பொருத்தி யன்னல் வைத்தார்கள். உள்ளே நிற விளக்குகளைக் கட்டினார்கள். பின்னர் நிறுவனங்களே யன்னலும் விளக்கும் உள்ள பெட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கின. ஆக, ஒருவர் தம் கைப்பட மாற்றிய தனித்தன்மை சில ஆண்டுகளில் கடைச் சரக்காகிவிட்டது. இலக்கியத்திலும் இது நடப்பதுதான். ஒரு கவிஞர் கண்டெடுத்த உவமை பத்தாண்டில் கலியாண வாழ்த்துமடலில் அச்சாகிவிடுகின்றது.

அழகிய வெளித்தோற்றம் மட்டும் ஒரு பொருளைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1988 இல் ஸ்ரீவ் ஜொப்ஸ் வெளியிட்ட நெக்ஸ்ட் கணினி, ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி நீளமுள்ள கறுப்புக் கனசதுரம். மக்னீசிய உலோகத்தில் வார்த்தது. எவருடைய கண்ணுக்கும் புலப்படாத உட்பக்கத்துக்கும் மெருகு வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். விலை 6,500 அமெரிக்க டொலர். விற்பனையில் அது தோல்விதான். ஆயினும், 1990 இல் ரிம் பேர்னர்ஸ் லீ உலகின் முதலாவது இணையத்தளத்தை அமைத்தது அத்தகைய ஒரு கறுப்புப் பெட்டியில்தான். அந்தப் பெட்டி அப்பெருமையைப் பெற்றது அதன் கறுப்பு நிறத்தால் அன்று. உள்ளே இருந்த மென்பொருளின் திறத்தால். எனவே உட்பொருளின் கட்சியை நான் இன்றும் கைவிடவில்லை, நேயர்களே.

இனி எனது மாணவரின் பெட்டிக்கு வருவோம்.

அலுவலகமொன்று கழித்த பழைய பெட்டியை அவர் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கின்றார். நான் சொன்னது போலவே முகம் மஞ்சள், உடம்பு வெளிறல். அவருடைய மாமனார் ஒருவர் கார்களுக்கு வர்ணம் பூசும் கராச் வைத்திருப்பவர். தொழிலை அவரிடமே கேட்டுப் பழகினார். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். பின்னர் பழைய பூச்சின் பளபளப்புப் போகும்வரை தேய்க்கும் தாளால், முதலில் கரடான தாள், பின்னர் நுண்ணிய தாள் என்று தேய்க்க வேண்டும். வழவழப்பான மேற்பரப்பில் புதிய பூச்சு பற்றாது. அதன்பின் அடிப்பூச்சு. அதன்மேல் நிறம். நிறத்தையும் ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வழிந்துவிடும். மெல்லிய படைகளாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு. நாம் "வெறும் பூச்சு" என்று சொல்வதற்குள் இத்தனை படைகள்.

முதல் முயற்சி பழுதாகிவிட்டது. மாரிகாலத்தில் அடித்திருக்கின்றார். தெளிபூச்சு பால்போல வெளுத்துவிட்டது. பூச்சிலுள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிர்கின்றது. ஈரக் காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சை வெளுக்கச் செய்கின்றது. மாமனார் பார்த்துவிட்டு, "வெயில் வரும்வரை பொறு" என்று மட்டும் சொன்னாராம். இவர் முழுவதையும் தேய்த்துக் களைந்து, தை மாத வெயிலில் மீண்டும் தொடங்கினார்.

நான் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் யன்னல் இல்லை. இக்காலத்தில் எல்லோரும் கண்ணாடி வைக்கின்றார்களே, நீர் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "காரின்ரை பொனற்றுக்கு ஆரும் யன்னல் வைக்கிறதில்லைத்தானே, சேர்" என்றார். அப்போது அவர் ஏன் காரைப் பற்றிச் சொல்கின்றார் என்று எனக்கு விளங்கவில்லை.

முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் நுண்ணிய துளைகளுள்ள வலை. அதனூடாகக் குளிர்ந்த காற்று உள்ளே போகும். உள்ளே 120 மில்லிமீற்றர் விட்டமுள்ள மின்விசிறிகள் அக்காற்றை இழுத்து, சூடேறிய காற்றைப் பின்புறத்தின் மேற்பகுதியால் வெளியேற்றும். அந்த வலையின் மீதும் நிறம் இருந்தது. ஆனால் ஒரு துளையேனும் அடைபடவில்லை. பூச்சு அடைத்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் திறந்ததாகச் சொன்னார். மூச்சு விட முடியாத பெட்டியில் எந்த நிறம் இருந்து என்ன பயன்?

பின்னர் பக்கத் தகட்டைக் கழற்றி எனக்குக் காட்டினார். தகடு சட்டத்தோடு பொருந்தும் விளிம்புகளிலும், திருகாணிகள் இறங்கும் இடங்களிலும் வர்ணமே இல்லை. வெறும் உலோகம். ஒட்டுநாடாவால் மூடிவைத்து, அவ்விடங்களில் மட்டும் பூச்சுப் படாமல் காத்திருக்கின்றார். காரணம் கேட்டேன். வர்ணம் மின்னைக் கடத்தாது. உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் பெட்டி முழுவதும் ஒரே உடலாகி நிலத்தொடுப்பைப் பெறும். அதுமட்டுமன்று. கணினியின் உள்ளே நடக்கும் வேகமான மின் துடிப்புகள் வானொலி அலைகளாகவும் வெளியே சிதறக்கூடியவை. உலோகப் பெட்டி நன்றாக மூடியிருந்தால் அவற்றைப் பெருமளவு உள்ளேயே அடக்கிவிடும். பெட்டியில் இடைவெளி இருந்தால் பக்கத்து வீட்டு வானொலியில் இரைச்சல் கேட்கக்கூடும். இதற்காகவே அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1979 இல் கணினிகளுக்கென விதிகளை வகுத்தது.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இது முக்கியமான செய்தி அல்லவா? இந்த உரையை நீங்கள் இரைச்சலின்றிக் கேட்பதில் எங்கோ ஒரு கணினிப் பெட்டிக்கும் சிறு பங்கு இருக்கலாம். பெட்டி தன்னுள் இருப்பதை வெளியுலகிலிருந்து காப்பது மட்டுமன்றி, வெளியுலகை உள்ளிருப்பதிலிருந்தும் காக்கின்றது. எங்கே பூச வேண்டும் என்பதைவிட எங்கே பூசக்கூடாது என்பதை அறிந்தவரின் வேலை அது என்று எனக்கு அப்போது புரிந்தது. கட்டுரையில் எந்த வரியை அலங்கரிக்காமல் விட வேண்டும் என்று அறிந்த மாணவனுக்கு நான் எப்போதும் அதிக புள்ளி கொடுப்பவன்.

இனி அந்த நிறத்தின் கதை.

அவருடைய அம்மப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜ் கார் இருந்ததாம். 1961 முதல் 1969 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட கார் அது. உடலின் அடிப்படை வடிவத்தை வரைந்தது இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனம். பக்கவாட்டில் ஒளிரும் உலோகப் பட்டியோடும் இரட்டை வர்ணத்தோடும் வந்த அந்தக் கார்களை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் வீட்டுக் கொட்டிலில் நின்றுவிட்டது. மறுவருடம் குடும்பம் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, மதில் பாதி இருந்தது, கார் இருக்கவில்லை. அம்மப்பாவும் சில ஆண்டுகளில் காலமானார். மாணவருக்கு அவரையும் நினைவில்லை, காரையும் நினைவில்லை. வீட்டில் எஞ்சியது ஒரேயொரு புகைப்படம். அதுவும் கறுப்பு வெள்ளை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வடிவம் தெரியும்; நிறம் தெரியாது. நிறத்தை அறிந்தவர் ஒருவரே உயிரோடு இருக்கின்றார்: அம்மம்மா. அவரிடம் கேட்டபோது, "நீலம் எண்டும் சொல்லேலாது மோனை, பச்சை எண்டும் சொல்லேலாது" என்றாராம். தாம் ஒரு கலியாண வீட்டுக்கு உடுத்துப்போன சேலையின் நிறம் என்றும் சொல்லியிருக்கின்றார். அந்தச் சேலையும் இப்போது இல்லை.

மாணவர் பால்மா ரின் மூடிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவையாக நிறம் பூசி அம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டத் தொடங்கினார். இது கடும் நீலம் என்றார். இது ஆஸ்பத்திரிச் சுவர் என்றார். இதில் பச்சை போதாது என்றார். ஒன்பதாவது மூடியைக் கையில் வாங்கியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போய், வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தாராம். பின்னர் சொன்னாராம்: "நிறம் உதுதான். ஆனால் இது புதுக் கார். உன்ரை அம்மப்பா ஓட்டினது கொஞ்சம் வெளிறின கார்."

அந்தப் பெட்டியில் நான் கண்ட வெளிறலின் காரணம் அதுதான். பளபளவென்று அடித்திருக்கக்கூடிய நிறத்தை, முப்பது ஆண்டு வெயில் பட்டதுபோல் சற்றே மங்கவைத்திருந்தார். தெளிபூச்சையும் கண்ணாடிபோல் மெருகேற்றாமல் அடக்கியே விட்டிருந்தார். காரின் பெயரையோ சின்னத்தையோ எங்கும் ஒட்டவில்லை. அணியிலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் அதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன்: பெயரை ஒட்டியிருந்தால் அது உருவகமாகியிருக்கும், பெட்டி தன்னைக் கார் என்று சாதித்திருக்கும். அவர் உவமையோடு நின்றுவிட்டார். இது கணினிதான், ஆனால் அந்தக் காரை நினைவூட்டும் கணினி.

தண்டியலங்காரம் பொருளணிகள் முப்பத்தைந்தை வகுத்துக் கூறுவதை அறிவோம். அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு சொல்வதே அந்த அணி. உவமைக்கும் உருவகத்துக்கும் முன்னதாக, அலங்காரமே இல்லாதது போலத் தோன்றும் ஒன்றை அலங்காரங்களின் தலைவாயிலில் நமது மரபு நிறுத்தியிருக்கின்றது. இதைப் பல ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்திருக்கின்றேன். பரீட்சைக்கு உரிய விடையாகவே அதை நான் கருதியிருந்தேன் என்பதை அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன். வெளிறிய காரை வெளிறியதாகவே பூசுவது தன்மையணி அல்லாமல் வேறென்ன?

பூச்சு வேறு, பொருள் வேறு என்று நான் பிரித்தது முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். இரவல் உவமைகளை அடுக்கிய கட்டுரைகள் இன்றும் எனது மேசைக்கு வருகின்றன. அவற்றைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் பூச்சைக் கண்டவுடன் குறை எழுதுவதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. இந்தப் பூச்சு உள்ளிருப்பதை மூச்சுவிட விடுகின்றதா? தொட வேண்டிய இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொடுகின்றதா? இந்த நிறம் யாருக்காக? இவற்றுக்கு விடையுள்ள பூச்சை வெளிப்பூச்சு என்று ஒதுக்குதல் தகாது. அங்கே பூச்சே பொருளின் ஒரு பகுதியாகிவிடுகின்றது.

அந்த நிறம் சரியானதுதானா என்று ஐயப்படுவோரும் இருப்பர். அம்மம்மாவின் நினைவு பிழைத்திருக்கலாம். கண்ணிலே புரையும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கக் காரும் இல்லை, சேலையும் இல்லை. நான் புறப்படும்போது அந்த அம்மையார் உள்ளேயிருந்து வந்தார். என்னோடு இரண்டு வார்த்தை பேசினார். பேசிக்கொண்டே முந்தானைத் தலைப்பால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அது கணினி என்ற எண்ணத்தோடு துடைத்தாரா, கார் என்ற எண்ணத்தோடு துடைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பிலே ஒரு கட்டுரையைத் திருத்தினேன். வழக்கமான அந்த வரியை எழுதச் சிவப்புப் பேனையை எடுத்தேன். எழுதவில்லை. அந்த மாணவியை அழைத்து, "பிள்ளை, இந்த உவமையை எங்கேயிருந்து எடுத்தீர்?" என்று கேட்டேன். அவர் சொன்ன விடை இன்னோர் உரைக்கு உரியது.